ஏழாம் பாடத்துக்கு நாற்பத்தாறு

அத்தியாயம் 14

வியாழக்கிழமை சாயங்காலம் ஏழாவது பாடத்தைத் திறந்து, இரண்டாவது தாளைப் பார்த்ததும் மடிக்கணினியைச் சட்டென்று மூடியவள்தான் டீச்சர். சனிக்கிழமை விடிந்து, துணி துவைத்து, மாடியில் காயப்போட்டுவிட்டு இறங்கும் வரைக்கும் அதன் பக்கமே போகவில்லை.

அவளைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். கட்டின புருஷனும் அப்படித்தான். பத்தொன்பது வருஷமாக உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். பிள்ளைகள் கணினியில் தாங்களாகவே தேடிப் படிக்கிற மாதிரி பன்னிரண்டு வரலாற்றுப் பாடங்கள் தயாராகியிருந்தன. எல்லாப் பள்ளிகளுக்கும் போவதற்கு முன்னால் எது தேறும், எது தேறாது என்று சொல்ல ஒரு குழு போட்டார்கள். அதில் இவளும் ஒருத்தி.

முதல் ஆறு பாடங்கள் அவள் பொறுமையைச் சோதித்தன. ஒன்றில் கேள்வி மேலே இருந்தது, பதில் கீழேயே தடித்த எழுத்தில் இருந்தது. நடுவில் பிள்ளைக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. இன்னொன்றில் சரியான பதிலைத் தொட்டால் கவசம் போட்ட பொம்மை வீரன் ஒருவன் கைதட்டினான். தப்பான பதிலைத் தொட்டாலும் தட்டினான். 'வீரனுக்கே வரலாறு தெரியவில்லை' என்று குறிப்பெழுதி, ஐம்பதுக்குப் பதினேழு போட்டாள்.

ஏழாவது வேறு ரகம். 'கண்ணாடி ஆலையின் உலையை அணைத்தது யார்?' என்று அதற்குத் தலைப்பு.

இதே ஊரில் நடந்த விஷயம். முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், புட்டி செய்கிற ஆலையில் நாற்பத்தேழு நாள் வேலைநிறுத்தம். கண்ணாடி உலை ஒருதரம் குளிர்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் குழம்பு பாறையாக இறுகி, உலையே பாழாகிவிடும். அதனால் சண்டை எப்படிப் போனாலும் உலையை மட்டும் எரியவிடுவது என்று இரண்டு தரப்புக்கும் பேச்சு. முப்பத்துமூன்றாம் நாள் விடியற்காலை உலை அணைந்துபோனது. உலை எரிய எண்ணெய் கொண்டுபோகும் குழாயை மூடினார்கள் என்று மூன்று தொழிலாளிகளை ஜெயிலில் போட்டார்கள். ஒருவர் திரும்பி வரவில்லை.

பாடத்தில் ஆறு பழைய தாள்கள் இருந்தன. பிள்ளைகள் அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத் தாங்களே ஒரு முடிவுக்கு வர வேண்டும். இரண்டாவது தாள், காவல் நிலையத்தில் உலைத் தொழிலாளி ஒருவர் கொடுத்த வாக்குமூலம். 'மூன்று பேரும் குழாயை மூடியதை என் கண்ணால் பார்த்தேன்.' அடியில் கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் நீண்டு, வளைந்து, தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நிற்கும் கையெழுத்து. இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளின் மதிப்பெண் அட்டைகளில் பன்னிரண்டு வருஷமாக அவள் பார்த்த கையெழுத்து.

மாமனாருடையது.

வெள்ளிக்கிழமை அதைக் கணவனிடம் சொல்லிவிட்டாள். அவன் தட்டில் போட்டதைச் சாப்பிட்டான், எழுந்துபோய்ப் படுத்தான்.

சனிக்கிழமை காலை அவன் வேலைக்குக் கிளம்பிப் போனதும் டீச்சர் மனசைக் கெட்டியாக்கிக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து திறந்தாள். கையில் நோட்டு, பக்கத்தில் கடிகாரம். ஒரு தாளைப் படிக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எத்தனை நிமிஷம் ஆகும், எந்த வார்த்தையில் தடுக்கி விழும் என்று வழக்கம்போலக் குறித்துக்கொண்டே போனாள். ஐந்தாவது தாளில் கை நின்றது.

அது ஆலை வாசலில் காவலாளி எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம். எந்த லாரி, எத்தனை மணிக்கு, என்ன சரக்கு. எண்ணெய் லாரி கடைசியாக உள்ளே வந்தது வேலைநிறுத்தத்தின் இருபத்திரண்டாம் நாள். ஆறாவது தாள் பண்டகசாலைக் குறிப்பு. தொட்டி நிறைய இருந்தால் எண்ணெய் ஒன்பது நாள் வரும் என்றது.

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். முப்பத்தோராம் நாளே தொட்டி காலி. மிச்சச் சூட்டில் உலை இரண்டு நாள் தாங்கியிருக்கும். முப்பத்துமூன்றாம் நாள் குழாயை யார் மூடினால் என்ன, திறந்தால் என்ன? உள்ளே ஒரு சொட்டு இல்லை. எண்ணெயை நிறுத்தியது நிர்வாகம். அந்த மூன்று பேரும் அன்றைக்கே அதைச் சொன்னார்களாம். சொல்ல வாய் இருந்தது, காட்டக் காகிதம் இல்லை. ஆலையை இடிக்கும்போது கிடைத்த பழைய மூட்டைகளிலிருந்து அந்த நோட்டு போன வருஷம்தான் வெளியே வந்திருக்கிறது.

பாடத்தில் எங்கேயும் இந்தப் பதில் எழுதியிருக்கவில்லை. ஐந்தையும் ஆறையும் சேர்த்துப் பார்க்கிற பிள்ளைக்கு மட்டும்தான் கிடைக்கும். கையெழுத்துப் போட்ட காகிதம் என்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது என்பதை அவள் பத்தொன்பது வருஷமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பாடம் அதை ஐம்பது நிமிஷத்தில் சொல்லாமலே சொல்லிவிட்டது.

ஒரு பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகளை வைத்து வெள்ளோட்டம் பார்த்திருந்தார்கள். அவர்கள் எழுதிய பதில்களும் இணைப்பில் இருந்தன. இருபத்திரண்டு பேர் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். 'சாட்சி பொய் சொன்னார்' என்று ஒருவரி எழுதி முடித்தவர்கள் பாதி. 'துரோகி' என்று எழுதியவர்கள் நாலைந்து பேர். பதினான்காம் எண் மாணவர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்: 'இவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எந்தத் தாளிலும் இல்லை. இவர் உயிரோடு இருக்கிறாரா? இவரிடம் யாராவது கேட்டார்களா?'

அந்த வரியைத் தாண்டிப் போக அவளால் முடியவில்லை.

கடைசியில் மதிப்பெண் போட்டாள். தாள்கள் கொஞ்சம் நீளம் என்பதற்கு இரண்டைக் குறைத்தாள். சாட்சியின் தரப்பு இல்லை என்பதற்கு இரண்டு. ஐம்பதுக்கு நாற்பத்தாறு. சேமித்தாள். அனுப்பவில்லை. ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு பேர் பார்ப்பார்கள். இருவரில் ஒருவர் இருபத்தைந்துக்குக் கீழே போட்டாலும் பாடம் அத்தோடு கழிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மதிப்பெண் கணக்கு மூடும். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

குழுத்தலைவிக்குப் போன் செய்தாள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, கறாரான அம்மாள். நாற்பத்தாறு போட்டு வைத்திருப்பதையும், சாட்சி தன் மாமனார் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.  மனசில் பட்ட மதிப்பெண்ணையே போட்டு, உறவையும் குறிப்பில் எழுதி அனுப்பச் சொன்னார். 'உங்க நேர்மை மேல எனக்குச் சந்தேகம் இல்ல' என்று வைத்துவிட்டார்.

கணவன் பன்னிரண்டரைக்கு வந்தான். மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பார்க்கிறவன்; சனிக்கிழமை அரை நாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எத்தனை போட்டாய் என்றுதான் கேட்டான். சொன்னாள்.

இருபதாகக் குறைத்துவிடச் சொன்னான். கெஞ்சலாகத்தான் சொன்னான். பாடம் கடினம், நீளம், பிள்ளைகளுக்குப் புரியாது என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? பன்னிரண்டில் ஒன்று போனால் உலகம் முழுகிவிடாது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஆலைத் தொழிலாளிகள் எப்போது கூடினாலும் அவரை மேடையில் உட்காரவைக்கிறார்கள். கடைசி நாள் வரை உறுதியாக நின்றவர் என்று அவர் தோளைப் பிடித்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவன் அவன்.

"நீங்க யாருக்காவது சர்க்கரை அளவைக் குறைச்சு ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பீங்களா?" என்றாள் டீச்சர்.

"அது ரத்தம். இது என் அப்பா."

 அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை அவள்.

ஆனால் அதற்கு அவசியம் இல்லாமல் போனது. அவன் குளிக்கப் போன நேரத்தில் மாமனாரே வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். உலை வெக்கையில் புருவமுடி ஒருகாலத்தில் கருகிப்போய், பிறகு சரியாக முளைக்கவே இல்லை. அதனால் எப்போது பார்த்தாலும் லேசாக ஆச்சரியப்பட்ட மாதிரி ஒரு முகம்.

"ரெண்டு நாளா இந்த வீட்டுல யாரும் என் முகத்தைப் பாக்கலம்மா," என்றார். "நான் என்ன பண்ணினேன்னு சொல்லிடு."

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். வாக்குமூலத்தை அவர் நிதானமாக, உதடு அசைய அசையப் படித்தார். கையெழுத்து வந்த இடத்தில் விரலை வைத்தார். கண்ணாடித் திரை மேல் விரல் பட்டுப் படம் நகர்ந்துவிட்டது. பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு வாசல் நோட்டைப் பார்த்தார். லாரி எண்ணைச் சத்தமாக வாசித்தார். அந்த ஓட்டுநர் வரும்போதெல்லாம் உலைக்காரர்களுக்குப் பத்திரிகை கொண்டுவருவார் என்றார், சம்பந்தமே இல்லாமல்.

டீச்சர் பதினான்காம் எண் மாணவர் எழுதியதை வாசித்துக் காட்டினாள். உயிரோடு இருக்கிறாரா, யாராவது கேட்டார்களா.

 குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாரும் கேக்கல," என்றார். "நானா சொல்லவும் இல்ல."

அன்றைக்கு உலைப் பொறுப்பு அவருடையது. உலை அணைந்ததும் முதலில் பிடித்துக்கொண்டு போனது அவரைத்தான். மூன்று நாள் காவல் நிலையத்தில் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. அதை அவர் இரண்டு தரம் சொன்னார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது போல. ஒன்று நீ உள்ளே போ, இல்லை அந்த மூன்று பேரின் பெயரைச் சொல் என்றார்கள். காகிதத்தை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

"எனக்கு ஜெயிலுக்குப் போகப் பயமா இருந்துச்சும்மா. அவ்வளவுதான். வேற காரணம் எதுவும் இல்ல. இருந்தா இத்தனை வருஷத்துல நானே கண்டுபிடிச்சிருப்பேன்."

ஜெயிலிலிருந்து திரும்பி வராதவர் அவருடைய சிநேகிதர். ஒரே உலையில் பதினோரு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். சிநேகிதரின் மனைவி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். தையல் வேலை பார்த்து ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்தவள். இந்த வீட்டில் எல்லோருக்கும் தையல் சித்தி. அங்கே குழாய் ஒழுகினால், மின்விசிறி நின்றால், ஜன்னல் கொக்கி கழன்றால் மாமனார்தான் போய்ச் சரிசெய்துவிட்டு வருவார். 'உலையை அணைச்சவன் பெண்டாட்டி' என்று கடைத்தெருவில் ஒருவன் அவளைச் சொன்னதற்காக அவனோடு கைகலந்து பல்லை உடைத்துக்கொண்டவர்.

சித்தியின் பேத்தி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பாடம் வந்தால் அந்தப் பெண்ணுக்கும் வரும்.

"புள்ளைங்க கண்டுபிடிச்சு அவகிட்டப் போய்ச் சொல்றதுக்கு முன்னால நான் சொல்லணும்," என்று எழுந்தார் மாமனார். "நீ கூட வாம்மா. தனியாப் போனா பாதியிலேயே திரும்பிடுவேன்."

கணவன் ஈரத் தலையோடு வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அப்பா, வேண்டாம்பா என்று தடுத்துப் பார்த்தான். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டார். பிறகு அவன் அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். திரும்பி வந்து பாடத்தை அனுப்பிக்கொள்ளலாம், ஆறு மணிக்கு நேரம் கிடக்கிறது என்று மடிக்கணினியை மேஜை மேலேயே வைத்துவிட்டு நாலரைக்கு டீச்சர் கிளம்பினாள்.

சித்தி தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். பேத்தி வெளியே போயிருந்தாள். மாமனார் வழக்கமாக உட்காரும் முக்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். சுற்றி வளைக்காமல், ஒரு காரணமும் சேர்க்காமல், காவல் நிலையத்தையும் கையெழுத்தையும் சொன்னார். உலையை அணைத்தது எண்ணெய் இல்லாமைதான், உன் புருஷன் இல்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றார்.

சித்தியின் கால் மிதியிலிருந்து எடுபடவில்லை. காலர் முடிகிற வரை தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியை இரண்டாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் ஜெயில்ல இருந்து கடைசியா எழுதின கடிதாசுல உங்களைப் பத்தித்தான் எழுதியிருந்தார்," என்றாள். குரல் உயரவில்லை. "அவன் பயந்த சுபாவம். வெளிய தனியா என்ன பாடுபடுறானோ. நீ அப்பப்போ விசாரிச்சுக்கோன்னு."

 டீச்சர் மாமனாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்கூட நினைச்சேன், நீங்கதான் எங்களைப் பாத்துக்குறீங்கன்னு. அவர் சொன்னபடி நானில்ல உங்களைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அதற்கு மேல் அவரிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. எப்படி மனசு வந்தது என்று கேட்கவில்லை, அழவில்லை, வையவில்லை. வைதிருந்தால் அவர் வாங்கிக்கொண்டு நின்றிருப்பார். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் ரிப்பேர் பார்க்க வசதியாக அவரிடம் கொடுத்துவைத்திருந்த மாற்றுச் சாவியை மட்டும் ஞாபகப்படுத்தினாள்.

"அதை மேஜை மேல வெச்சுட்டுப் போங்க."

அவர் வளையத்திலிருந்து அந்த ஒரு சாவியைக் கழற்றப் பட்ட பாட்டை டீச்சரால் பார்க்க முடியவில்லை. நகம் மழுங்கிய விரல்கள். கழற்றி, கத்தரிக்கோல் பக்கத்தில் வைத்துவிட்டு, படியிறங்கினார்.

பின்னாலேயே போகத் திரும்பியவளைச் சித்தி கூப்பிட்டாள்.

"டீச்சர், அந்தப் பாடம் எல்லாப் புள்ளைங்களுக்கும் வருமில்ல?"

"வரும் சித்தி."

"எம் பேத்தி படிக்கணும். அவ தாத்தா அணைக்கலைன்னு புஸ்தகத்துல போட்டுப் படிக்கணும். எங்க வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு." இப்போதுதான் அவள் கண் கலங்கியது. "நிச்சயமா வருமா?"

நிச்சயமாக வரும் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தாள் டீச்சர்.

தங்கள் தெருவுக்குள் திரும்பியபோதும் மாமனார் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். கூட நடக்கலாம் என்று அவள் எட்டி நடை போட்டபோது கைப்பையில் போன் அதிர்ந்தது. ஐந்து இருபத்திரண்டு. குழுவின் தானியங்கிச் செய்தி.

'ஏழாம் பாடத்துக்கான தங்கள் மதிப்பீடு பெறப்பட்டது. மதிப்பெண்: 19. பரிந்துரை: இல்லை. நன்றி.'

இரண்டு தரம் படித்தாள். பத்தொன்பது. வீட்டில் மேஜை மேல் திறந்தபடி கிடந்த மடிக்கணினி கண்முன் வந்தது. அவள் பெயரில், அவள் சொல்லாததை, அவள் சொன்னதாக எழுதி அனுப்பியாகிவிட்டது.

மாமனார் நின்று திரும்பிப் பார்த்தார். என்ன என்று கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.  போனை அப்படியே அவரிடம் நீட்டினாள். தூரத்தில் பிடித்து, கண்ணை இடுக்கிப் படித்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அவனும் பயந்துட்டானா," என்றார்.

கோபம் இல்லை அந்தக் குரலில். தன் குழந்தைக்குத் தன் வியாதியே வந்திருக்கிறது என்று வைத்தியர் சொல்லக் கேட்ட தகப்பனின் குரல் அது.

ஆறு மணிக்கு இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருந்தது. அனுப்பியதைத் திரும்பத் திறக்கும் அதிகாரம் தலைவி ஒருவருக்குத்தான் உண்டு. டீச்சர் மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினாள். மாமனார் பக்கத்தில் வந்து நின்றார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் தலைவி.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். காலையில நாற்பத்தாறுன்னு சொன்னீங்க, இப்பப் பத்தொன்பது வந்திருக்கு. என்ன நடந்தது?"

அந்த மதிப்பெண் தன்னுடையதில்லை, நாற்பத்தாறுதான் தன்னுடையது, தயவுசெய்து திறந்துவிடுங்கள் என்றாள் டீச்சர்.

திறக்கலாம் என்றார் அந்த அம்மாள். ஆனால் காரணம் எழுதாமல் திறக்க முடியாது. குழுவின் ஏட்டில் அவர் கைப்படப் பதிய வேண்டும். மூன்று பேர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் பதிந்தது பதிந்ததுதான். பிறகு, சொல்வதை எழுதிக்கொள்கிறவருக்கே உரிய நிதானத்தோடு கேட்டார்:

"சரி, சொல்லுங்க. நீங்க அனுப்பலைன்னா, அனுப்பினது யார்?"

போனில் குரல் உரக்கக் கேட்டது. மாமனாருக்கும் கேட்டிருக்கும். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவின் அந்தக் கோடியில், தங்கள் வீட்டு வாசலில் இறங்கி, இவர்கள் வருகிறார்களா என்று பார்த்தபடி நின்றிருந்த மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ? டீச்சர்? பேர் சொல்லுங்க."